முட்டி வீங்கினால் கண்ணை ஏன் பார்க்கச் சொல்கிறார்கள்? குழந்தைகளின் மூட்டுவாதமும் சத்தமில்லாத கண் அழற்சியும்

சேலையூர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை வயதுப் பெண் குழந்தை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறாள். பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லி அழுகிறாள். பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடுகிறது. மத்தியானம் மொட்டை மாடியில் ஓட்டமும் ஆட்டமும்தான். "வளர்ற புள்ளைக்குக் கால் வலிக்கத்தாம்மா செய்யும், ராத்திரி எண்ணெய் தடவி விடு" என்கிறார் பாட்டி.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வேலை முடிந்து வந்து, இரவு ஏழரை மணிக்குப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார். டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் நேரத்தில் குழந்தை பெஞ்சுக்குப் பெஞ்சு தாவிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓடுறா?" என்கிறார். ஒரு கால்சியம் சிரப்போடு வீடு திரும்புகிறார்கள்.

இதில் யாருமே தவறாகச் சொல்லவில்லை. பாட்டி சொன்ன வளரும் வயது வலியும் உண்மைதான், டாக்டர் பார்த்த ஓட்டமும் உண்மைதான். நோய் காலையில் வந்துவிட்டுப் போயிருக்கிறது, கிளினிக் திறந்திருப்பது இரவில். அதுதான் சிக்கல்.

இரண்டு மாதம் கழித்து முட்டி வெளியே தெரியும்படி வீங்குகிறது. எலும்பு டாக்டர், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று ஒரு சுற்று முடிந்து, கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையில் நோயின் பெயரைச் சொல்கிறார்கள். கூடவே ஒரு சீட்டு: "கண் டாக்டரை இந்த வாரமே பாருங்க." அம்மாவின் கேள்வி நியாயமானது. "முட்டிக்கு வந்ததுக்கு கண்ணை எதுக்குப் பார்க்கணும்? கண்ணுல அவளுக்கு ஒண்ணுமே இல்லையே?"

அந்த 'ஒண்ணுமே இல்லை' என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

குழந்தைக்கு எப்படி மூட்டுவாதம்?

மூட்டுவாதம் என்றால் தாத்தா பாட்டிக்கு வருவது என்றுதான் பொதுவான நினைப்பு. வயதானவர்களுக்கு வருவது பெரும்பாலும் தேய்மானம். குழந்தைக்கு வருவது வேறு: உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தன் சொந்த மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, நீர் கோக்கிறது, மூட்டு விறைக்கிறது. 16 வயது நிறையும் முன் தொடங்கி, 6 வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் கிடைக்காவிட்டால் அதற்கு 'ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்' என்று பெயர். சுருக்கமாக ஜே.ஐ.ஏ. நடுவில் வரும் 'இடியோபதிக்' என்ற சொல்லுக்கு 'காரணம் தெரியவில்லை' என்றுதான் அர்த்தம். அம்மா கர்ப்ப காலத்தில் எதையோ சாப்பிட்டதாலோ, குழந்தை கீழே விழுந்ததாலோ வந்ததல்ல.

இது புது நோயும் அல்ல. லண்டனில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் என்ற மருத்துவர் 22 குழந்தைகளைப் பார்த்து, பெரியவர்களின் மூட்டுவாதத்திலிருந்து இது மாறுபட்டது என்று எழுதியது 1897-இல். கண்ணுக்கும் இதற்கும் உள்ள உறவை ஜெர்மானிய மருத்துவர் ஓம் 1910-லேயே பதிவு செய்துவிட்டார். மேலை நாடுகளில் சுமார் 1,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கு.

ஜே.ஐ.ஏ. என்பது ஒரே நோய் அல்ல, 7 வகைகளின் தொகுப்பு. முதல் 6 மாதங்களில் 4 மூட்டு அல்லது அதற்கும் குறைவாகப் பாதிப்பது 'ஒலிகோ' வகை. மேலே சொன்ன சேலையூர்க் குழந்தைக்கு வந்தது இதுதான். 5 மூட்டு அல்லது அதற்கு மேல் போனால் 'பாலி'. தினமும் காய்ச்சலும் தோலில் தடிப்பும் சேர்ந்து வந்தால் 'சிஸ்டமிக்'. குதிகாலிலும் இடுப்பிலும் பிடித்துக்கொள்வது இன்னொரு வகை. அதற்குப் பிறகு வருவோம்.

காலை 7 மணி வீடியோ

வளரும் வயது வலியைத் தனியாக அடையாளம் காண முடியும். அது சாயங்காலமோ ராத்திரியோ வரும், பெரும்பாலும் இரண்டு கால்களிலும் வரும். பிடித்துவிட்டால் தூங்கிவிடுவார்கள். காலையில் எழுந்தால் சுவடே இருக்காது. நொண்டல் இருக்காது, வீக்கம் இருக்காது. ஜே.ஐ.ஏ. இதற்குத் தலைகீழ்: காலையில் மோசம், போகப் போக சரியாகும். சில குழந்தைகள் 'வலிக்குது' என்றே சொல்வதில்லை. தூக்கச் சொல்வார்கள், மாடிப்படி ஏற மாட்டார்கள், நடக்கப் பழகிய குழந்தை மறுபடி தவழும். அவ்வளவுதான் அறிகுறி.

அதனால் மாலை கிளினிக்குக்குப் போகும் பெற்றோர் கையில் வைத்திருக்க வேண்டியது காலை 7 மணிக்குப் போனில் எடுத்த வீடியோ. படுக்கையிலிருந்து இறங்குவது, நாலடி நடப்பது, உட்கார்ந்து எழுந்திருப்பது. ஒரு நிமிடம் போதும். இரண்டு முட்டியையும் சேர்த்து ஒரு போட்டோ. ரத்த ரிப்போர்ட்டை விட இந்த ஒரு நிமிடம் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

ரத்த ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. 'ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், அதனால் மூட்டுவாதம் இல்லை' என்று லேப் சீட்டைப் பார்த்துத் தாங்களாகவே முடிவு கட்டுபவர்கள் நிறைய. ஜே.ஐ.ஏ. உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாகத்தான் இருக்கும். அதேபோல ஏ.எஸ்.ஓ. டெஸ்ட் கொஞ்சம் கூடுதலாக வந்தாலே வாதக் காய்ச்சல் ஆகிவிடாது. அது தொண்டையில் முன்பு கிருமி வந்துபோனதற்கான தடயம் மட்டுமே. இந்த நோயை உறுதிசெய்ய ஒற்றை டெஸ்ட் கிடையாது. கையால் தொட்டுப் பார்த்து, வேறு எதுவும் இல்லை என்று விலக்கித்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

விலக்க வேண்டியவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று ரத்தப் புற்றுநோய். ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி, வெளிறிய முகம், எடை குறைவு என்று வந்தால் அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டு தொடங்கக் கூடாது. இன்னொன்று காசநோய். தாம்பரத்துக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ரயில் நிலையத்தின் பெயரிலேயே 'சானடோரியம்' இருக்கிறது. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் இங்கே தொடங்கிய காசநோய் சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. ஒரே ஒரு மூட்டு மாதக்கணக்கில் வீங்கியிருந்தால் நம் ஊரில் அதையும் சோதித்தே ஆக வேண்டும். இந்தக் காசநோய் இந்தக் கதையில் இன்னொரு முறையும் தலைகாட்டும்.

சிவக்காத, உறுத்தாத, வலிக்காத கண்

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வரலாம்.

கண்ணின் நடுப்படலத்துக்கு யுவியா என்று பெயர். கண்மணியைச் சுற்றி வண்ண வளையமாகத் தெரியும் ஐரிஸ் அதன் முன்பகுதி. அங்கே வரும் அழற்சிதான் யுவைட்டிஸ். மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் அதே குழப்பம் இங்கேயும் நடக்கிறது. ஐரோப்பா, வட அமெரிக்கக் கணக்குகளில் ஜே.ஐ.ஏ. குழந்தைகளில் சுமார் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு இது வருகிறது.

பெரியவர்களுக்கு யுவைட்டிஸ் வந்தால் கண் சிவக்கும், வெளிச்சம் பட்டால் கூசும், வலி தாங்காது, அன்றைக்கே டாக்டரிடம் ஓடுவார்கள். ஒலிகோ வகை ஜே.ஐ.ஏ.வில் வரும் யுவைட்டிஸ் அப்படியல்ல. கண் வெள்ளை வெளேரென்று இருக்கும். குழந்தை கார்ட்டூன் பார்க்கும், படம் வரையும். உள்ளே மாதக்கணக்கில் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கினால் அதற்குத் தெரியவே தெரியாது, இன்னொரு கண் சமாளித்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு வெளியே தெரியும் நேரத்தில் சேதம் நடந்து முடிந்திருக்கும். ஐரிஸ் பின்னால் உள்ள லென்ஸோடு ஒட்டிக்கொண்டு, வட்டமாக இருக்க வேண்டிய கண்மணி கோணல்மாணலாகத் தெரியும். கருவிழியின் குறுக்கே சுண்ணாம்புப் பட்டை போல ஒரு வெண்மை படரும். கண்புரை வரும். கண் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகும். ஏழெட்டு வயதுக்குள் இப்படி நடந்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே பழகாமல் 'சோம்பேறிக் கண்' ஆகிவிடும் அபாயமும் இருக்கிறது.

மூட்டு வீக்கத்தின் அளவுக்கும் கண் பாதிப்புக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் பெற்றோரை ஏமாற்றும் இன்னொரு விஷயம். முட்டி முழுக்கச் சரியாகி, குழந்தை டான்ஸ் கிளாஸுக்குப் போகத் தொடங்கிய பிறகும் கண்ணில் தொடங்கலாம். சிலருக்கு மூட்டுக்கு முன்பே கண்ணில் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு மூட்டுவாதம் வந்த முதல் நான்கு ஆண்டுகளுக்குள் வருகிறது.

யாருக்கு அதிக ஆபத்து? ஏழு வயதுக்குள் நோய் தொடங்கியவர்கள், ஏ.என்.ஏ. டெஸ்ட் பாசிட்டிவாக இருப்பவர்கள், ஒலிகோ வகைக்காரர்கள். சின்ன வயதுப் பெண் குழந்தைகள் இதில் அதிகம். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஏழு வயதுக்குள் நோய் தொடங்கி, ஏ.என்.ஏ. பாசிட்டிவாகவும் இருப்பவர்களுக்கு முதல் 4 ஆண்டுகள் 3 மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை. ஆபத்து குறைந்தவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். மற்ற நோய்களில் 'வலிச்சா போவோம்' என்பது ஓரளவு வேலை செய்யும். இங்கே போக வேண்டிய நாளைச் சொல்வது வலி அல்ல, காலண்டர்.

எந்தப் பரிசோதனை என்பதும் முக்கியம். பள்ளிக்கூட முகாமில் எழுத்துப் பலகையைப் படிக்க வைப்பதோ, கண்ணாடிக் கடையில் இலவசமாகப் பார்க்கும் 'கம்ப்யூட்டர் டெஸ்ட்'டோ இதைக் கண்டுபிடிக்காது. யுவைட்டிஸ் தொடங்கிய குழந்தை 6/6 படித்துக் கைதட்டலும் வாங்கலாம். தேவைப்படுவது ஸ்லிட் லாம்ப் பரிசோதனை. அறையை இருட்டாக்கி, தாடையைப் பலகையில் வைக்கச் சொல்லி, மெல்லிய கீற்றாக ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சுவார்கள். ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியாக வெயில் விழும்போது அதில் தூசி மிதப்பது தெரியுமல்லவா? அதேபோல, தெளிவாக இருக்க வேண்டிய முன்கண் நீரில் வெள்ளை அணுக்கள் மிதப்பது அந்தக் கீற்றில் தெரியும்.

டாக்டர் அதை எண்ணி எழுதுவார். ஃபைலில் 'ஏ.சி. செல்ஸ்' என்று இருக்கும். ஒரு மில்லிமீட்டர் அகல நீளக் கட்டத்தில் 1 முதல் 5 அணு என்றால் 0.5+, 6 முதல் 15 என்றால் 1+, 50-க்கு மேல் போனால் 4+. சுழியம்தான் வேண்டும். அதன் பக்கத்தில் 'ஃப்ளேர்' என்றிருந்தால், நீரில் புரதம் கசிந்து மங்கலாக இருப்பதன் அளவு. இந்த இரண்டு எண்ணையும் பெற்றோர் படிக்கக் கற்றுக்கொண்டால் மூன்று மாதத்துக்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று தாங்களே புரிந்துகொள்ளலாம். 'நல்லா இருக்குன்னு சொன்னாங்க' என்பதை விட 'செல்ஸ் ஜீரோ' என்பது எவ்வளவோ மேல்.

சின்னக் குழந்தை மெஷின் முன்னால் உட்காராது. மடியில் வைத்துக்கொண்டு, கையடக்க ஸ்லிட் லாம்பால் பார்ப்பார்கள். அதற்கும் ஒத்துழைக்காத சில குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பதும் உண்டு.

தெற்குப் புறநகர்க்காரர்களுக்கு ஒரு வசதி, தேவையான இடங்கள் பலவும் ஒரே ரயில் பாதையில் வருகின்றன. தாம்பரத்தில் ஏறினால் நுங்கம்பாக்கத்தில் 1978-இல் தொடங்கப்பட்ட சங்கர நேத்ராலயா. எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், 1819-இல் தொடங்கி இன்றும் நடக்கும் அரசு கண் மருத்துவமனையும். அதற்கடுத்த பூங்கா நிலையத்தில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே மூட்டுவாதத்துக்கென்றே தனித்துறை உண்டு. கண்ணில் சொட்டு விட்டு கண்மணியை விரித்த பிறகு வெளிச்சம் கூசும், பக்கத்தில் உள்ளது மங்கும். அன்று மதியம் பள்ளிக்கூடம் வேண்டாம். ஒரு தொப்பி எடுத்துப் போனால், திரும்பும் வழியில் ஜன்னலோர வெயிலுக்கு உதவும்.

பையன்களுக்கு வரும் சிவந்த கண்

மேலை நாட்டுப் புத்தகங்களில் ஒலிகோ வகைதான் முதலிடம். இந்திய மருத்துவமனைகளின் தொகுப்புகள் பலவற்றில் முதலிடம் பிடிப்பது 'என்தசைட்டிஸ்' வகை. தசைநார் எலும்போடு ஒட்டும் இடத்தில் வரும் அழற்சி. ஆறு வயதுக்கு மேற்பட்ட பையன்கள் அதிகம். குதிகால் வலி, முட்டி வீக்கம், பிறகு இடுப்பு வலி. ஹெச்.எல்.ஏ.-பி27 என்ற மரபுக் கூறு பலருக்கு இருக்கும். 'கிரிக்கெட் ஆடி வந்த வலி' என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போவது இதுதான்.

இந்த வகையில் வரும் யுவைட்டிஸ் சத்தம் போட்டுக்கொண்டு வரும். கண் சிவக்கும், வலிக்கும், கூசும். ஆபத்து இங்கே வேறு மாதிரி. 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். மூட்டு நோய் உள்ள பையனுக்குக் கண் சிவந்து வலித்தால் அது மெட்ராஸ் ஐ என்று முடிவு செய்ய வேண்டியது கண் டாக்டர், அதுவும் அன்றைக்கே.

மஞ்சள் மருந்தும் ஒரு தேதியும்

கண்ணுக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு சொட்டு. கூடவே ஐரிஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க கண்மணியை விரிக்கும் சொட்டு. இது வேகமாக வேலை செய்யும். ஆனால் மாதக்கணக்கில் போட்டால் ஸ்டீராய்டே கண்புரையையும் கண் அழுத்தத்தையும் கொண்டுவரும். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கித் தொடர்ந்து போடுவது நோயின் வேலையை மருந்தே செய்வது மாதிரி. டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்துவதும் தவறு, நோய் திரும்பிவிடும்.

மூட்டுக்கு வலி மாத்திரை, தேவைப்பட்டால் முட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி. இவை போதாதபோது, மூட்டுக்கும் கண்ணுக்கும் சேர்த்து வருவது மெத்தோட்ரெக்சேட். பெற்றோர் போனில் தேடிப் பார்த்தால் 'புற்றுநோய் மருந்து' என்று வரும். வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. புற்றுநோய்க்கு இதைக் கொடுக்கும் அளவு மிக அதிகம். இங்கே வாரத்துக்கு ஒருமுறை, மிகக் குறைந்த அளவு. 1992-இல் வெளியான ஆய்வில் 127 குழந்தைகளிடம் இது மூட்டுவாதத்துக்குப் பயன்படுவது உறுதியானது. 1940-களில் இந்த மருந்தை உருவாக்கிய அமெரிக்க ஆய்வகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பூங்கா ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

'வாரம் ஒருமுறை' என்பதை அட்டையிலேயே கிழமையோடு எழுதி வைக்க வேண்டும். தெரியாமல் தினமும் கொடுத்துவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். கூடவே ஃபோலிக் ஆசிட், குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை. பெரிய தொல்லை குமட்டல். மருந்து மஞ்சள் நிறம். கொஞ்ச நாளில் சில குழந்தைகளுக்கு மஞ்சளாக எதைப் பார்த்தாலும் வாந்தி வரும். அடம் என்று திட்டுவதால் பயனில்லை. மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாறுவது, இரவு தூங்கும் முன் கொடுப்பது என்று வழிகள் உண்டு. பல வீடுகளில் சனிக்கிழமை இரவு கொடுக்கிறார்கள், மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை என்பதால்.

அதற்கும் அடங்காவிட்டால் அடாலிமுமாப். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. பிரிட்டனில் ஏ.வி. ராமனன் தலைமையில் நடந்த 'சைகமோர்' ஆய்வு 2017-இல் வெளியானது. யுவைட்டிஸ் உள்ள 90 குழந்தைகள். மெத்தோட்ரெக்சேட்டோடு அடாலிமுமாப் சேர்த்தவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான் சிகிச்சை தோற்றது, சேர்க்காதவர்களில் 60 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். விலை அதிகமான மருந்துதான். ஆனால் இதன் பயோசிமிலர், அதாவது அதே தன்மையில் வேறு நிறுவனம் செய்யும் மருந்து, உலகிலேயே முதலில் விற்பனைக்கு வந்தது இந்தியாவில், 2014 டிசம்பரில். அமெரிக்காவுக்கு 2023-இல்தான் போனது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்பதை ஊசி தொடங்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுவது நல்லது.

இங்கேதான் காசநோய் மறுபடி வருகிறது. நம் ஊரில் பலரது உடலில் காசநோய்க் கிருமி நோயாக மாறாமல் தூங்கிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி உடல் எழுப்பும் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் பொருளைத்தான் இந்த ஊசி அடக்குகிறது. அதனால் முதல் ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்த் தோல் அல்லது ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் கரண்ட் போனதையும் பார்த்தவர்களுக்கு இது வெறும் லேபிள் வாசகம் அல்ல. குளிர்சாதனத்துக்கு வெளியே எத்தனை நாள், எந்த வெப்பம் வரை தாங்கும் என்பது மருந்துப் பெட்டியில் உள்ள தாளில் இருக்கும். அக்டோபர் வந்ததும் அதை ஒருமுறை படித்து, மழை வந்தால் எந்த உறவினர் வீட்டு ஃபிரிட்ஜ் என்று முடிவு செய்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று அம்மை. இந்த மருந்துகள் எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மை கடுமையாகலாம். வகுப்பில் யாருக்காவது வந்தது தெரிந்தாலே டாக்டருக்கு அன்றே போன் செய்ய வேண்டும். வாசலில் வேப்பிலை கட்டுவது வீட்டு வழக்கம், அதற்கும் மருந்துக்கும் சண்டை இல்லை. 'தண்ணி ஊத்துற வரைக்கும் மாத்திரை கூடாது' என்று காத்திருப்பதுதான் சிக்கல். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளையும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருப்பதால், அங்கேயும் ஒருமுறை காட்டலாமே என்ற பேச்சு இந்தப் பகுதி வீடுகளில் வருவது இயல்பு. எந்த மருத்துவமானாலும் மூன்று விஷயம் மாறாது: மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை அங்கே சொல்ல வேண்டும், அதைத் தானாக நிறுத்தக் கூடாது, கண் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்தைக் குறைக்கும்போதும் நிறுத்தும்போதும் கண்ணை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். அமைதியாக இருந்த யுவைட்டிஸ் அப்போதுதான் திரும்பும்.

உணவில் பெரிய பத்தியம் எதுவும் இல்லை. உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் ஆகாது, தயிர் கூடாது என்று ஒவ்வொன்றாக நிறுத்தி வளரும் குழந்தையை இளைக்க வைப்பதில்தான் நஷ்டம்.

மூன்றாவது மாடி வகுப்பறை

நோயோடு வாழ்வது என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தோடு பேசுவது. காலை விறைப்பு உள்ள குழந்தைக்கு எட்டு மணி வேன் ஒரு போராட்டம். எழுந்ததும் வெந்நீரில் குளிக்க வைத்தால் கொஞ்சம் இளகும். பிரேயரில் அரை மணி நேரம் நிற்பது, தரையில் சம்மணமிட்டு உட்காருவது, குத்தவைக்கும் கழிப்பறை, புத்தகப் பை, மாடி வகுப்பறை என எல்லாமே முட்டியைச் சோதிப்பவை. மத்தியானம் அதே குழந்தை ஓடுவதைப் பார்க்கும் டீச்சருக்கு 'காலைல நடிச்சா' என்று தோன்றும். மருத்துவரின் கடிதத்தில் 'காலையில் விறைப்பு, மதியம் சரியாகும்' என்ற ஒரு வரி இருந்தால் நிறைய வாக்குவாதம் மிச்சமாகும்.

விளையாட்டை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. நீச்சலும் சைக்கிளும் மூட்டுக்கு நல்லது. வீக்கம் அதிகமுள்ள நாளில் மட்டும் ஓய்வு. சிகிச்சை தாமதமானால் வீங்கிய முட்டிக்குப் பக்கத்து எலும்பு கூடுதல் ரத்த ஓட்டத்தால் வேகமாக வளர்ந்து, ஒரு கால் மற்றதை விட நீளமாவதும் உண்டு. ஆரம்பத்திலேயே அடக்குவது வலிக்காக மட்டுமல்ல.

மணிக்கட்டிலும் விரல்களிலும் வந்தவர்களுக்குத் தேர்வு பெரிய மலை. மூன்று மணி நேரம் எழுத முடியாது. சொல்வதை எழுத ஆளும், கூடுதல் நேரமும் 40 சதவீத ஊனச் சான்று இருந்தால்தான் கிடைக்கும் என்று பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 40 சதவீத நிபந்தனை தேவையில்லை என்று சொன்னது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அதற்கான வழிகாட்டுதலையும் வெளியிட்டது. அரசு மருத்துவமனையின் சான்று வேண்டும், வாரியத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பிப்ரவரியில் ஓடுவதை விட ஜூனில் கேட்பது நல்லது.

பெண் குழந்தை என்றால் உறவினர் கூட்டத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "இதை வெளிய சொல்லாதீங்க, நாளைக்கு கல்யாணம் கார்த்தின்னு வரும்ல?" மறைப்பதன் விலை பெரும்பாலும் கண்ணில்தான் விழுகிறது. பாட்டி வீட்டுக்கு லீவுக்குப் போன குழந்தைக்குச் சொட்டு போடுவது நின்றுபோகும், ஏனென்றால் அங்கே யாருக்கும் சொல்லவில்லை.

பதினெட்டுக்குப் பிறகு

பலருக்கு மருந்தில்லாமல் நோய் அடங்கிவிடுகிறது. எல்லோருக்கும் அல்ல. அந்தக் குழந்தைகளில் சிலர் இன்று வளர்ந்து மெப்ஸிலும் ஓ.எம்.ஆரிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கண் மங்கினால் முதலில் தோன்றுவது 'ஸ்க்ரீன் அதிகம் பார்க்கிறேன்' என்பது. பறக்கும் புள்ளிகள், மங்கல், வெளிச்சம் சுற்றி வளையம் எதுவானாலும், சின்ன வயதில் ஜே.ஐ.ஏ. இருந்தது என்பதைச் சொல்லி ஸ்லிட் லாம்ப் பரிசோதனை கேட்க வேண்டும். கணினிக் கண்ணாடி மாற்றினால் தீராது.

மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் பெண்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது முன்கூட்டியே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அது கருவைப் பாதிக்கும். கல்லீரலுக்காக மதுவையும் தள்ளி வைக்கச் சொல்வார்கள். அலுவலகக் காப்பீட்டில் சேரும்போது பழைய நோய் என்ற கட்டத்தில் இதை எழுதாமல் விட்டால் பின்னால் கிளெய்ம் நிற்கும்.

குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவருக்கு மாறும் அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில்தான் பலர் விடுபட்டுப் போகிறார்கள். கல்லூரி, ஹாஸ்டல், முதல் வேலை. பத்து ஆண்டுகளாகத் தேதியை நினைவு வைத்திருந்தது அம்மா. இப்போது அது போன் காலண்டருக்கு மாற வேண்டும். கண் ஃபைலின் பக்கங்களை, 'ஏ.சி. செல்ஸ்' எண்கள் தெரியும்படி, ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொண்டால் புது ஊரில் புது டாக்டர் முதல் நாள் கேட்கும்போது காட்டலாம்.